சொன்னதைத் திருப்பிக் கேட்கிறார்: களஆய்வில் அக்கறை என்பது எதுவரை?

ஆய்வு மாணவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். விசைத்தறிக் கூடங்களில் வேலை செய்யும் பெண்கள் முன்பணக் கடனோடு எப்படிக் குடும்பம் நடத்துகிறார்கள் என்பதைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்து வருகிறேன். பள்ளிபாளையம், குமாரபாளையம், பல்லடம், சோமனூர் எனக் கொங்கு நாட்டில் தறி ஓடும் ஊர்கள் பல. அவற்றுள் ஒன்று என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பதினான்கு மாதங்கள் போய் வந்தேன். இப்போது ஆய்வேட்டை ஒப்படைக்க இன்னும் மூன்று மாதங்களே இருக்கும் நிலையில், ஒரு சிக்கலில் உங்கள் கருத்தைக் கேட்க வந்திருக்கிறேன்.

தார் (நெசவில் குறுக்கே ஓடும் நூல்) சுற்றும் அக்கா ஒருவரோடு நெருங்கிப் பழகினேன். முதல் நாள் ஒப்புதல் படிவத்தைப் படித்துக் காட்டிக் கையெழுத்துக் கேட்டபோது அவர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, "கையெழுத்துன்னா பாக்கி வாங்கறதுக்குத்தான் கண்ணு போட்டிருக்கறேன். இதுக்கு என்ன பாக்கி?" என்று கேட்டார். முதலாளியிடம் வாங்கும் முன்பணத்தைத் தறிக்கூடங்களில் பாக்கி என்றே சொல்வார்கள். இதில் கடன் ஏதும் இல்லை, நீங்கள் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்று விளக்கிச் சொன்னேன். அன்றிரவு அந்தக் கேள்வியை நல்ல மேற்கோள் என்று களக்குறிப்பில் அடிக்கோடிட்டு வைத்தேன். அது என்னை நோக்கிக் கேட்கப்பட்ட கேள்வி என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது என்பதால் எங்கள் பேச்செல்லாம் கரண்ட் போகும் நேரத்தில்தான் நடந்தது. அப்படி ஒரு மதியம் கூடத்து வாசற்படியில் உட்கார்ந்து, தலைமுடியில் ஒட்டியிருந்த பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டபடி, இரண்டாம் முறை முன்பணம் வாங்கிய கதையை அவர் சொன்னார். அதைக் கொடுக்கும்போது முதலாளி வீட்டு ஆள் ஒருவர் சொன்ன வார்த்தை, அதன் பிறகு வீட்டில் நடந்தது என எல்லாம் வந்துவிட்டது. என் செல்பேசி தூக்குப்போசிக்குப் பக்கத்தில் பதிவு செய்துகொண்டிருந்தது. தொடங்கும்போது அவரிடம் சொல்லித்தான் வைத்தேன். ஆனால் பாதியில் அவர் அதை மறந்துவிட்டார். அவர் மறந்துவிட்டார் என்பது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் நான் நினைவுபடுத்தவில்லை.

அந்தப் பதினோரு நிமிடங்கள்தான் என் நான்காம் இயலின் உயிர். போன மாதம் அக்கா கூப்பிட்டார். "வேலை முடிஞ்சுருச்சா, அதான் வரக்காணோம்" என்று முதலில் சொல்லிவிட்டு, "அன்னிக்குக் கரண்ட் போனப்ப சொன்னத எடுத்துப்போடு கண்ணு. எம்புள்ள வூட்ல தெரிஞ்சா ஆகாது" என்றார். நெறியாளரிடம் கேட்டேன். படிவத்தில் கையெழுத்து இருக்கிறது, பெயரை மாற்றிவிட்டோம், அந்த ஊரில் யார் ஆய்வேட்டைப் படிக்கப் போகிறார்கள் என்றார். விதிப்படி அவர் சொல்வதில் பெரிய தவறு இல்லை. ஆனாலும் என்னால் அந்த இயலைத் திறக்க முடியவில்லை. நான் செய்ய வேண்டியது என்ன?

நொய்யல் வாசி எழுதியது:

இரண்டு விவரங்கள் தெரிந்தால் பதில் சொல்வது எளிதாக இருக்கும். அவர் இப்போதும் அதே கூடத்தில்தான் வேலை செய்கிறாரா? எடுத்துவிடு என்றபோது பதினோரு நிமிடத்தையும் சொன்னாரா, அதில் ஒரு பகுதியை மட்டும் சொன்னாரா?

ஆய்வு மாணவி எழுதியது:

அதே கூடத்தில்தான் இருக்கிறார். எந்தப் பகுதி என்று நான் கேட்கவில்லை. முழுவதையும்தான் சொல்கிறார் என்று நானாக எடுத்துக்கொண்டேன்.

பழைய வாத்தியார் எழுதியது:

அம்மணி, நான் சமூகப்பணித் துறையில் பல ஆண்டுகள் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். உங்கள் நெறியாளர் சொன்னதை மாணவர்களிடம் நானும் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன் என்பதால், அந்தப் பதில் எங்கிருந்து வருகிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

இன்று நாம் பயன்படுத்தும் ஒப்புதல் படிவத்தின் வேர் மருத்துவ ஆய்வில் இருக்கிறது. 1979-இல் அமெரிக்காவில் வெளியான பெல்மாண்ட் அறிக்கை மனிதரை மதித்தல், நன்மை செய்தல், நீதி என்னும் மூன்று கொள்கைகளை வகுத்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளிலும், உடல்நலம் சார்ந்த சமூக ஆய்வுகளுக்கெனத் தனிப் பகுதியே உண்டு. பங்கேற்பவர் எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்பது இவற்றின் அடிப்படையான உறுதிமொழி. எனவே படிவத்தின் வழியே பார்த்தாலும் உங்கள் அக்காவுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் படிவம் முன்பின் அறியாத இருவருக்கு இடையிலான ஒப்பந்தம் போல எழுதப்பட்டது. நீங்களும் அவரும் பதினான்கு மாதங்களில் அறியாதவர்களாக இருப்பதை விட்டுவிட்டீர்கள். படிவத்தில் அதற்கு இடமில்லை.

அந்த இடத்தைப் பற்றிப் பேசுவதுதான் அக்கறையின் அறம். 1982-இல் உளவியலாளர் கேரல் கில்லிகன், ஒழுக்க வளர்ச்சியை உரிமை, விதி என்னும் அளவுகோலால் மட்டும் அளந்தவர்கள் பெண்கள் பேசிய இன்னொரு மொழியைக் கேட்கத் தவறினார்கள் என்று காட்டினார். இந்த மனிதருக்கு இப்போது நான் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்வியே அந்த மொழியின் தொடக்கம். 1984-இல் நெல் நாடிங்ஸ் அதை அக்கறை காட்டுபவர், அக்கறை பெறுபவர் என்ற இருவருக்கு இடையிலான உறவாக விரித்தார். எனக்கு அதிகம் பயன்பட்டது ஜோன் டிராண்டோவும் பெரனிஸ் ஃபிஷரும் 1990-இல் எழுதியது. ஒருவருக்குத் தேவை இருப்பதைக் கவனிப்பது, அதற்குப் பொறுப்பேற்பது, செய்ய வேண்டியதைத் திறமாகச் செய்வது என்று மூன்று கட்டங்களைச் சொல்லிவிட்டு, நான்காவதாக ஒன்றை வைத்தார்கள். பெற்றவர் அதை எப்படிப் பெற்றார் என்பதே அது. நான் அக்கறையோடுதான் நடந்துகொண்டேன் என்று ஆய்வாளர் தன் முன்னுரையில் எழுதிக்கொள்ளலாம். அது அக்கறையாக இருந்ததா என்று சொல்ல வேண்டியவர் மறுபக்கத்தில் இருக்கிறார்.

வாசற்படியில் நடந்ததைப் பற்றியும் சொல்ல வேண்டும். மர்லிஸ் கில்லெமினும் லின் கில்லமும் 2004-இல் எழுதிய கட்டுரையில், அறநெறிக் குழுவிடம் முன்கூட்டியே அனுமதி பெறும் அறம் வேறு, களத்தில் நொடிப்பொழுதில் எடுக்கும் முடிவுகளின் அறம் வேறு என்று பிரித்தார்கள். அவர் மறந்துவிட்டார் என்று நீங்கள் அறிந்த அந்த நொடி இரண்டாம் வகையைச் சேர்ந்தது. எந்த அறநெறிக் குழுவும் அந்தப் படியில் உங்களோடு உட்கார்ந்திருக்கவில்லை. நீங்கள் அதை மறைக்காமல் இங்கே எழுதியதை நான் மதிக்கிறேன்.

யார் படிக்கப் போகிறார்கள் என்ற வாதத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள். கேரோலின் எல்லிஸ் அமெரிக்காவின் செசபீக் விரிகுடாப் பகுதி மீனவர்களைப் பற்றி 1986-இல் ஒரு நூல் எழுதினார். பெயர்களை மாற்றியிருந்தார். ஆனாலும் நூலின் பகுதிகள் அந்த ஊராரிடமே வாசித்துக் காட்டப்பட்டன. அவர்கள் தங்களை அடையாளம் கண்டுகொண்டார்கள், தோழியாக வந்தவள் இப்படி எழுதிவிட்டாளே என்று மனம் புண்பட்டார்கள். அயர்லாந்து மேற்குக் கரையின் ஒரு சிற்றூரைப் பற்றி 1979-இல் எழுதிய நான்சி ஷெப்பர்-ஹியூஸ், இருபது ஆண்டுகள் கழித்துத் திரும்பிப் போனபோது ஊரைவிட்டு வெளியேறுமாறு சொல்லப்பட்டார். புனைபெயர் வெளியூர்க்காரரிடமிருந்துதான் ஒருவரை மறைக்கும். பக்கத்து வீட்டுக்காரரிடமிருந்து மறைக்காது.

ஒரு சொல்லைப் பற்றிய சிறு குறிப்பு. நம் பக்கத்தில் "கவனிப்பு" என்றால் காரியம் முடித்துக் கொடுத்தவருக்குக் கையில் வைப்பது என்றும் பொருள் வந்துவிட்டது. அதனால் நான் அக்கறை என்றே சொல்லி வந்தேன். ஆனால் நமக்கு இன்னும் பழைய சொல் ஒன்று இருக்கிறது. திருக்குறளின் 58-ஆம் அதிகாரத்தின் பெயர் கண்ணோட்டம். இன்று அதை ஒன்றைப் பார்க்கும் கோணம் என்ற பொருளில் ஆய்வேடுகளில் பக்கத்துக்கு இரண்டு முறை எழுதுகிறோம். வள்ளுவருக்கு அது, பார்க்கப்படுபவர் மேல் கண் இரங்கிச் செல்வது. இரண்டு பொருளும் ஒரே சொல்லில் இருந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

பனியன் நகரம் எழுதியது:

ஐயா சொன்னவற்றை மறுக்கவில்லை. ஆனால் திருப்பூரில் தொழிலாளர் பிரச்சினைகளில் வேலை செய்பவன் என்ற முறையில் எனக்கு ஒரு கவலை இருக்கிறது. பயந்து சொன்னதையெல்லாம் ஆய்வாளர்கள் அக்கறையின் பெயரால் எடுத்துக்கொண்டே போனால், கடைசியில் முதலாளிகள் சொன்னது மட்டும்தான் ஏட்டில் மிஞ்சும். அவர்களில் யாரும் பேட்டியைத் திருப்பிக் கேட்பதில்லை.

கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்தது. வாங்கிய கடன் கொத்தடிமைக் கடன் அன்று என்று நிறுவும் பொறுப்பைக் கடன் கொடுத்தவர் மேலேயே அந்தச் சட்டம் வைத்திருக்கிறது. ஆனாலும் தறியில் முன்பணம் என்றால் அது ஏதோ கைமாற்று என்றுதான் ஊரில் பேச்சு. கீர்ட் டி நெவ் என்ற மானிடவியலாளர் இந்தப் பக்கத்துத் தறிக்காரர்களின் பாக்கியைப் பற்றி 1999-இல் எழுதியபோது, அதில் பிணைப்பும் இருக்கிறது எதிர்ப்பும் இருக்கிறது என்று விவாதித்தார். அப்படி எழுத முடிந்ததற்குக் காரணம், தொழிலாளர்கள் சொன்னார்கள், அவர் கேட்டு எழுதினார் என்பதுதான். ஒருவருக்குக் காட்டும் அக்கறை அதே கடனில் இருக்கும் மற்றப் பெண்களுக்குச் செய்யும் அநீதியாகிவிடக் கூடாது. இந்த இரண்டையும் எப்படிச் சேர்த்துப் பார்ப்பது என்று யாராவது சொன்னால் நானும் கற்றுக்கொள்வேன்.

முன்னாள் மில் தொழிலாளி எழுதியது:

இந்தக் குழுவில் நான் இதுவரை எழுதியதில்லை. பேட்டி எடுத்தவர்களே பேசிக்கொண்டிருப்பதால், பேட்டி கொடுத்தவள் ஒருத்தி பேசலாம் என்று தோன்றியது.

பதினேழு வயதில் ஒரு நூற்பாலையில் சேர்ந்தேன். மூன்று ஆண்டு முடித்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் தருவார்கள் என்ற சுமங்கலித் திட்டத்தில்தான் எங்கள் ஊரிலிருந்து பலரும் போனோம். ஹாஸ்டலைவிட்டுத் தனியாக வெளியே போக முடியாது. ஒரு நாள் ஆய்வு செய்கிறோம் என்று இரண்டு பேர் வந்தார்கள். யார் பேச வேண்டும் என்று வார்டன்தான் எங்களைத் தேர்ந்து உட்கார வைத்தார். அவர் சற்று நகர்ந்த நேரத்தில், இரவு ஷிஃப்டில் மயங்கி விழுந்த ஒரு பெண்ணைப் பற்றி நான் சொன்னேன். வந்த அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். வீட்டைவிட்டு வந்த பிறகு என் கையை யாரும் அப்படிப் பிடித்ததில்லை.

பிறகு அறிக்கை வந்தது. என் பெயர் இல்லை. ஆனால் என் வயது, என் மாவட்டம், அப்பா இல்லாத வீடு, மூன்று தங்கைகள் என்று எல்லாம் இருந்தது. எங்கள் ஹாஸ்டலில் அப்படி நான் ஒருத்திதான். ஒரு வாரம் யாரும் என்னோடு பேசக் கூடாது என்று வைத்தார்கள். எனக்குச் சேர வேண்டிய பணத்தில் பாதிதான் பிறகு வந்தது. இதை அந்த அக்காவிடம் சொல்ல அவருடைய நம்பர்கூட என்னிடம் இல்லை. அவர் கெட்டவர் இல்லை. இன்று அவர் எங்காவது இதைப் படித்தால் அழுவார் என்று நினைக்கிறேன்.

பனியன் நகரம் அண்ணாவுக்கு ஒன்று சொல்கிறேன். அந்தப் பெண் மயங்கி விழுந்தது எழுதப்பட வேண்டும் என்றுதான் நானும் நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். அதை எழுதுவதற்கு என் மூன்று தங்கைகள் தேவைப்பட்டார்களா என்பதுதான் என் கேள்வி. படிப்பவர்களுக்குக் கதை உருக்கமாக இருக்க வேண்டும் என்பதற்காக அவர்களைச் சேர்த்துவிட்டார்கள்.

மாணவி அம்மணிக்கும் ஒன்று. நீங்கள் ஊர் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் தார் சுற்றுவது, கரண்ட் போன மதியம், வாசற்படி, மகள் என்று இங்கேயே நிறையச் சொல்லிவிட்டீர்கள். இந்தப் பக்கத்தை அந்தக் கூடத்தில் ஒருவர் திறந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

தாராபுரத்தான் எழுதியது:

சகோதரி எழுதியதற்குப் பிறகு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். நான் அருந்ததியர் காலனியில் வளர்ந்தவன். சிறுவனாக இருந்தபோது ஓர் ஆய்வாளர் எங்கள் அப்பத்தாவிடம் பேட்டி எடுக்க வந்தார். பக்கத்து ஊரில் பண்ணையம் பார்க்கும் குடும்பத்துப் பெண். அப்பத்தா அவரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுத் தான் நின்றுகொண்டே ஒன்றரை மணி நேரம் பதில் சொன்னார். உட்காருங்கள் என்று அவரும் சொன்னார், ஆனால் தரையில் உட்கார்வதா எதிரே உட்கார்வதா என்று தெரியாமல் அப்பத்தா நின்றுகொண்டே இருந்துவிட்டார். கேட்டதற்கெல்லாம் "ஆமாங்க சாமி" என்றார். அந்த "ஆமாங்க" ஒப்புதல் படிவத்தில் சம்மதமாகப் பதிவாகியிருக்கும்.

மறுக்கும் பழக்கமே இல்லாதவரிடம் பெறும் சம்மதத்தைப் பற்றி ஆய்வு முறையியல் நூல்கள் பேசலாம். ஆனால் கொங்கு நாட்டில் யார் யாரிடம் போய்ப் பேட்டி கேட்கிறார்கள் என்பதை அந்தந்த ஊர்க்காரர்தான் சொல்ல முடியும். மாணவி தன் பின்னணியை இங்கே எழுதவில்லை, எழுத வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. ஆனால் அந்த அக்கா பதினான்கு மாதத்துக்குப் பிறகு ஒன்றை மறுத்திருக்கிறார். போன் செய்து, வாய்விட்டு, எடுத்துப்போடு என்று சொல்லியிருக்கிறார். உங்கள் ஆய்வில் அவர் முழு விருப்பத்தோடு சொன்ன முதல் சொல் அதுவாகவும் இருக்கலாம். அதை இழப்பாகக் கணக்கிடாதீர்கள்.

பழைய வாத்தியார் எழுதியது:

தாராபுரத்தாருக்கும், முதன்முதலாக எழுதிய சகோதரிக்கும் என் நன்றி. நான் மேலே எடுத்துக்காட்டிய நூல்களில் இல்லாத ஒன்றை இருவரும் சொல்லிவிட்டார்கள்.

பனியன் நகரத்தின் கேள்விக்கு என்னால் முடிந்த பதில் இது. அந்தப் பெண்ணை மறைத்து, நடந்ததை வெளிக்கொணர வழிகள் உண்டு. பல பெண்கள் தனித்தனியே சொன்ன ஒரே அனுபவத்தை யாருடையது என்று பிரித்தறிய முடியாதபடி சேர்த்து எழுதலாம். தேதியையும் உறவையும் இடத்தையும் விட்டுவிடலாம். அப்படிச் செய்தோம் என்பதை முறையியல் இயலில் வெளிப்படையாகச் சொல்லலாம். ஆய்வேட்டின் நயம் கொஞ்சம் குறையும். வாதம் குறைய வேண்டியதில்லை.

நெருக்கத்தைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. பேட்டி எடுப்பவர் தன்னை மறைத்துக்கொண்டு கேள்வி மட்டும் கேட்பது பெண்களிடையே பொருந்தாது, உறவு இருபக்கமும் இருக்க வேண்டும் என்று சமூகவியலாளர் ஆன் ஓக்லி 1981-இல் எழுதியது எங்களையெல்லாம் மாற்றியது. ஆனால் 1988-இல் ஜூடித் ஸ்டேசி அதன் மறுபக்கத்தைக் கேட்டார். உறவு நெருங்க நெருங்க, ஆய்வாளர் எழுதிவிட்டுப் போகும் நாளில் ஏற்படும் காயமும் பெரிதாகாதா என்றார். எனவே மகள் மாதிரி என்று சொல்லிக்கொண்டு போவதை நான் மாணவர்களுக்குப் பரிந்துரைப்பதில்லை. மகள் ஆய்வேட்டை ஒப்படைத்ததும் வருவதை நிறுத்திவிட மாட்டாள். எப்போது வருவேன், எப்போது நிறுத்துவேன், அதன் பிறகு எந்த எண்ணில் என்னைப் பிடிக்கலாம் என்பதை முன்பே சொல்லிவிடுவது மகள் என்று சொல்வதைவிட மரியாதையானது.

அம்மணி, நீங்கள் போனில் முடிவு செய்யாதீர்கள். எழுதியதை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் உட்காருங்கள்.

ஆய்வு மாணவி எழுதியது:

எழுதியவர்கள் எல்லோருக்கும் நன்றி. மில் சகோதரி எச்சரித்த மறுநாளே குழு நிர்வாகியிடம் இந்த விவாத இழையை மூன்று வாரம் மூடிவைக்கச் சொன்னேன். என் முதல் பதிவில் இப்போது நீங்கள் பார்க்கும் சில விவரங்கள் மாற்றப்பட்டவை. எவை என்று சொல்ல மாட்டேன்.

தறி ஓடாத ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். அந்தப் பதினோரு நிமிடத்திலிருந்து நான் எழுதியிருந்த ஆறு பக்கங்களைத் தமிழில் எழுதி எடுத்துப் போயிருந்தேன். முதலில் சாப்பிடச் சொன்னார். அரிசிம்பருப்புச் சோறு ஆக்கியிருந்தார், நெய் ஊற்றிப் போட்டார். சாப்பிட்ட பிறகு, அன்றைக்குப் பதிவு ஓடிக்கொண்டிருந்ததை நீங்கள் மறந்தது எனக்குத் தெரியும், தெரிந்தும் சொல்லவில்லை என்று சொன்னேன். அவர் வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு "படி" என்றார்.

நான் படித்தேன். முதலாளி வீட்டு ஆள் பேசிய பகுதி வந்தபோது இதைத்தான் எடுக்கச் சொல்வார் என்று நிறுத்தினேன். "அது இருக்கட்டும். அவம் பேசுனது பேசுனதுதான். எந்தத் தறின்னு மட்டும் தெரியாம எழுது" என்றார். அவர் எடுக்கச் சொன்னது நான்காம் பக்கத்தில் இருந்த ஒரே ஒரு வரி. என் வாதத்துக்கு அது தேவையே இல்லை. படிப்பதற்கு நன்றாக இருக்கும் என்று அதைச் சேர்த்திருந்தேன். அது என்ன என்பதை இங்கே எழுத மாட்டேன். மில் சகோதரி சொன்ன மூன்று தங்கைகள்தான் அந்த நேரம் முழுவதும் என் நினைவில் இருந்தார்கள்.

போனில் கேட்ட அன்றே முழு இயலையும் நீக்கியிருந்தால், அவர் வைத்துக்கொள்ள விரும்பியதையும் அவரைக் கேட்காமலே எடுத்திருப்பேன். நெறியாளர் சொன்னபடி விட்டிருந்தால் அந்த வரி அச்சில் போயிருக்கும்.

வரியை அவர் முன்னாலேயே அடித்தேன். பதிவிலும் அந்த இடத்தை வெட்டி அவருக்குப் போட்டுக் காட்டினேன். விடுதிக்கு வந்ததும் கணினியில் இருந்த இன்னொரு பிரதியிலும் அழித்தேன். மீதி உள்ளதைப் பழைய வாத்தியார் ஐயா சொன்னபடி வேறு பெண்கள் சொன்னவற்றோடு சேர்த்துத் திருப்பி எழுதி வருகிறேன். நெறியாளரிடம் நடந்ததைச் சொன்னேன். முறையியல் இயலில் இதற்கென்று ஒரு பகுதி எழுதித் தரச் சொல்லியிருக்கிறார். மேற்கொண்டு எப்போது வருவேன் என்பதையும் அக்காவிடம் சொல்லிவிட்டேன். தை நோம்பிக்கு ஒரு முறை, ஆய்வேடு முடிந்ததும் ஒரு முறை. அதன் பிறகு அவர் கூப்பிட்டால் எடுப்பேன் என்றேன்.

இந்த இழையைப் பற்றியும் சொன்னேன். உங்களைப் பற்றி எழுதிக் கேட்டேன் என்றதும் முகம் மாறியது. எல்லோரும் எழுதியதை வாசித்துக் காட்டி, இருக்கட்டுமா, எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். மில் சகோதரியின் பதிவை இரண்டு முறை படிக்கச் சொன்னார். இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, "அந்த மில்லுப் புள்ள இப்ப எங்கிருக்குது, நல்லா இருக்குதா?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். சகோதரி, நீங்கள் விரும்பினால் மட்டும் தனிச்செய்தியில் எனக்கு எழுதுங்கள், அவரிடம் சொல்லிவிடுகிறேன்.